ஆயுள் தண்டனை எத்தனை ஆண்டு? கொலைக்கான சிறைக்காலம் அளக்கப்படும் விதம்

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் எழும் முதல் பேச்சு, “பதினாலு வருஷத்துல வெளிய வந்துடுவான்” என்பதுதான். கொல்லப்பட்டவரின் வீட்டில் இதை ஆற்றாமையோடு சொல்வார்கள். தண்டிக்கப்பட்டவரின் வீட்டில் இதையே நம்பிக்கையாகப் பற்றிக்கொள்வார்கள். சட்டப்படி இரண்டு வீட்டாரும் எண்ணுவது தவறு. ஆயுள் தண்டனை 14 ஆண்டில் முடியும் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

கொலைக்குத் தரும் சிறைத்தண்டனை போதுமா என்று கேட்பதற்குமுன், அது உண்மையில் எத்தனை ஆண்டு, அந்த எண்ணிக்கையை யார் எப்போது முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். நாட்டுக்கு நாடு இதற்கு விடை வேறு. அந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்டனை போதவில்லை என்ற கோபத்தில் பெரும்பங்கு, எவ்வளவு காலம் என்பதை யாரும் திறந்த மன்றத்தில் சொல்லாததால் வருவது என்பது புரியும்.

14 எங்கிருந்து வந்தது, 20 எங்கிருந்து வந்தது

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு கொலைக்கு இரண்டே தண்டனைகளை வைத்திருந்தது: மரணம் அல்லது ஆயுள், கூடவே அபராதம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இதில் ‘ஆயுள்’ என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, நன்னடத்தைக்கும் வேலைக்கும் தண்டனையில் குறைக்கப்படும் கழிவு நாட்களைக் கூட்டினால் தன் தண்டனை முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1961இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஏற்கவில்லை. அரசு முறைப்படி உத்தரவிட்டுக் குறைத்தாலொழிய ஆயுள் தண்டனை உயிர் உள்ளவரை ஓடும் என்றது. இன்றைக்கும் நிற்கிற சட்டம் அதுதான்.

20 என்ற எண் பழைய சட்டத்தின் 57ஆவது பிரிவில் இருந்தது. அது ஒரு கணக்கு வசதிக்காக வைத்தது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்துக்கு முயன்றவருக்குப் ‘பாதி ஆயுள்’ தரலாம் என்று சட்டம் சொன்னால், பாதி ஆயுளை எப்படி எண்ணுவது? அதற்காக ஆயுளை 20 ஆண்டாகக் கொள்ளச் சொன்னார்கள். பாதி 10 ஆண்டாகும். இந்தக் கணக்கைத் தாண்டி அந்த எண்ணுக்கு வேறு பொருள் இல்லை.

14 ஆண்டு என்ற குறைந்தபட்ச வரம்பு வந்தது 1978 டிசம்பர் 18 அன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஒன்றுக்காக ஆயுள் பெற்றவரையும், மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவரையும் குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருக்காமல் விடுவிக்கக்கூடாது என்பது அதன் சாரம். இப்போது அது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 475ஆவது பிரிவு. ஆக, முன்விடுதலை (தண்டனைக்காலம் முடியும்முன் விடுவிப்பது) மனுவைக் கையில் எடுக்கவே 14 ஆண்டு ஆகவேண்டும். அதன்பின் விடுவதும் விடாததும் அரசின் முடிவு. கேட்பது கைதியின் உரிமை, கிடைப்பது உரிமையில்லை.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆளுநருக்கு 161ஆவது உறுப்பும் குடியரசுத் தலைவருக்கு 72ஆவது உறுப்பும் தரும் மன்னிப்பு அதிகாரம் அரசியலமைப்பிலிருந்து வருவதால், சாதாரணச் சட்டம் ஒன்றின் 14 ஆண்டு வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி 7 ஆண்டு கழித்தவர்களும், 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 10 ஆண்டு கழித்தவர்களும் விடுவிக்கப்பட்டது இந்த வழியில்தான். ஒரு தலைவரின் பிறந்தநாள் எந்த ஆண்டில் வருகிறது என்பதற்கும் ஒரு கொலையின் கொடுமைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரே நாளில் ஒரே தண்டனை பெற்ற இருவரில் ஒருவரின் சிறைக்காலம் இப்படிப் பாதியாவது, தண்டனை நீளமா குறைவா என்ற கேள்வியையே அர்த்தமற்றதாக்கிவிடுகிறது.

நாட்களை எண்ணும் முறை

சிறை அலுவலகத்தில் இந்த 14 ஆண்டை எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பேசினால் நான்கைந்து ஆண்டு எளிதில் பிசகிவிடும். கைதான நாளிலிருந்து தீர்ப்புவரை விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் கணக்கில் சேரும். ஆயுள் கைதிக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 1985இல் தீர்ப்பானது. ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் சேராது. மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைத்து உயர் நீதிமன்றம் வெளியே விட்டிருந்தால் அதுவும் சேராது. நன்னடத்தைக்கும் வேலைக்கும் கிடைக்கும் கழிவு நாட்கள் 14ஐக் குறைக்க உதவாது. கழிவையும் சேர்த்து மொத்தம் 20 ஆண்டோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும் என்று மாநிலக் கொள்கைகள் தனியே கேட்கும்போதுதான் அந்த நாட்களுக்கு மதிப்பு. பரோலில் வீட்டுக்குப் போன நாட்களையும் கழித்துவிட வேண்டும் என்று கோவா சிறை விதிகளை வைத்து 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 2008 ஜனவரியில் கைதாகிறார். இரண்டு ஆண்டு ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே போகிறார். 2013 ஜனவரியில் ஆயுள் தண்டனை விழுகிறது. கையில் இரண்டு ஆண்டு இருப்பதால் இன்னும் 12 ஆண்டு, அதாவது 2025 ஜனவரி. நடுவில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஓராண்டு வெளியே இருந்திருந்தால் 2026 ஜனவரி. பரோல் நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் என்றால் 2026 ஜூலை. குற்றம் நடந்து பதினெட்டரை ஆண்டு கழித்துத்தான் அவர் மனுவே பார்வைக்கு வரும். இதே கைதிக்கு ஜாமீனே கிடைக்காமல் போயிருந்தால், பரோல் நாட்கள் நீங்கலாக, 2022 ஜனவரியிலேயே அந்தத் தகுதி வந்திருக்கும்.

பரோல் என்ற சொல்லே வெளிநாட்டு ஒப்பீடுகளில் பெருங்குழப்பம் உண்டாக்குகிறது. நம் நாட்டில் பரோல் என்பது சாவு, கல்யாணம், சிகிச்சை போன்றவற்றுக்காகச் சில நாள் வெளியே விடும் விடுப்பு. முடிந்ததும் திரும்பி வரவேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு நிபந்தனையோடு கூடிய விடுதலை என்று பொருள். அங்கே 25 ஆண்டு ‘பரோல் இல்லாமல்’ என்றால் 25 ஆண்டுவரை விடுதலையைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இரட்டை ஆயுள், மூன்று ஆயுள் என்று வரும் தலைப்புகளும் அளவைக் கூட்டிக்காட்டுகின்றன. இரண்டு பேரைக் கொன்றவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதிக்கலாம். ஆனால் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வரிசையாக ஓட்ட முடியாது என்று 2016இல் முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொன்னது. மனிதனுக்கு வாழ்வு ஒன்றுதான் என்பதே காரணம். ஒரு தண்டனையிலிருந்து முன்விடுதலை கிடைத்தாலும் மற்றதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது என்பதுதான் இரண்டாவது ஆயுளின் நடைமுறைப் பயன்.

நீதிபதியின் கையில் இல்லாத அளவுகோல்

இங்கேதான் இந்திய முறையின் பெரிய பழுது இருக்கிறது. கூலிக்குக் கழுத்தறுத்தவர், சொத்துக்காகப் பெற்றோருக்கு நஞ்சு வைத்தவர், பல ஆண்டு அடிவாங்கிப் பின் ஒருநாள் திட்டமிட்டுக் கணவனைக் கொன்ற மனைவி, கொன்றவர்களின் அதே எண்ணத்தோடு உடன் வந்து தெருமுனையில் காவல் நின்ற பதினெட்டு வயதுப் பையன் ஆகிய எல்லாரும் கொலைக் குற்றவாளி என்று தீர்மானமானால், செஷன்ஸ் நீதிபதி தரக்கூடிய மிகக் குறைந்த தண்டனை ஒன்றே: ஆயுள். 12 ஆண்டு, 18 ஆண்டு என்று தர அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே போனால் மரணம். 1980இல் பச்சன் சிங் வழக்கு அதை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு ஒதுக்கிவிட்டது.

ஆயுளுக்கும் மரணத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிரப்பப் பார்த்தது. தூக்குக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் 14 ஆண்டில் விடத்தக்கதும் இல்லை என்று தோன்றும் வழக்குகளில், இத்தனை ஆண்டுவரை அல்லது சாகும்வரை தண்டனைக் குறைப்பே கூடாது என்று உத்தரவிடலாம் என்றது. 2015இல் ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான அரசியலமைப்பு அமர்வு 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் இதை உறுதிசெய்து, அந்த அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உரியது என்று வரம்பிட்டது. மரண தண்டனைக்கு எட்டாத வழக்கிலும் இப்படி விதிக்கலாம் என்று 2023இல் இன்னொரு தீர்ப்பு சேர்த்துக்கொண்டது. சாட்சிகளை நேரில் பார்த்த, குற்றவாளியின் முகத்தைப் பல மாதம் கண்டறிந்த விசாரணை நீதிபதிக்கு மட்டும் இந்த அளவுகோல் இல்லை.

விளைவு என்னவென்றால், இந்தக் கொலைக்கு இத்தனை ஆண்டு என்று எடைபோடும் வேலை நீதிமன்றத்தை விட்டுச் சிறைக் கோப்புக்குப் போய்விடுகிறது. முன்விடுதலைக் கோப்பில் கண்காணிப்பாளரின் நடத்தை அறிக்கை இருக்கும். நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதியது இருக்கும். காவல் துறையின் கருத்து இருக்கும். தண்டித்த நீதிமன்றத்தின் இப்போதைய நீதிபதி தரும் கருத்து இருக்கும். ஆலோசனைக் குழு பார்த்துப் பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும். சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும்.

இந்த ஒவ்வொரு படியிலும் பிசகு நடந்திருக்கிறது. காவல் துறை பெரும்பாலும் ‘விடுவித்தால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும். நீதிபதியின் கருத்து காரணமே இல்லாமல் வந்த வழக்கில், அப்படித் தருவது சட்டத்தின் நோக்கத்தையே வீணாக்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. எந்தக் கொள்கைப்படி பார்ப்பது என்பதில் தகராறு வரும். தண்டனை விதித்த நாளில் இருந்த கொள்கைதான் பொருந்தும், பின்னால் வந்தது கைதிக்குச் சாதகமாக இருந்தால் அதையும் பார்க்கலாம் என்பது 2010 முதல் உள்ள விதி. எந்த அரசு முடிவெடுப்பது என்பதிலும் பிழை வந்தது. 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வல்லுறவு, கொலை வழக்கில் 11 பேர் 2022 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார்கள்; விசாரணையும் தண்டனையும் மகாராஷ்டிரத்தில் நடந்ததால் குஜராத் அரசுக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று அந்த விடுதலை ரத்தாகி, அவர்கள் சிறைக்குத் திரும்ப நேர்ந்தது. எதிர்த்திசையிலும் பிழை உண்டு. மனு எழுதத் தெரியாத, வெளியே அலைய ஆளில்லாத ஏழைக் கைதிகள் தகுதி வந்தும் பல ஆண்டு உள்ளேயே கிடந்திருக்கிறார்கள். கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதி பெற்றவரை அவர் கேட்காமலேயே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது அதனால்தான்.

மன்றத்திலேயே எண்ணைச் சொல்லும் முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். 1965இல் தூக்கு நீங்கிய நாள்முதல் அப்படி. ஆனால் நீதிபதி அதோடு குறைந்தபட்சக் காலம் ஒன்றையும் அதே மன்றத்தில் அறிவித்தாக வேண்டும். அதன் படிகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. வயது வந்தவர் செய்த சாதாரணக் கொலைக்குத் தொடக்கப் புள்ளி 15 ஆண்டு. கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொன்றால் 25. துப்பாக்கி, பணலாபம் போன்றவை இருந்தால் 30. மிகக் கொடிய சிலவற்றுக்கு வாழ்நாள் முழுவதும். அங்கிருந்து திட்டமிட்டது, உடலை மறைத்தது போன்றவற்றுக்காகக் கூட்டுவார்கள். கொல்லும் எண்ணமின்றிப் படுகாயப்படுத்தும் எண்ணம் மட்டும் இருந்தது போன்றவற்றுக்காகக் குறைப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் மற்றக் குற்றங்களில் மூன்றில் ஒரு பங்குவரை கழியும். கொலையில் ஆறில் ஒரு பங்குதான், அதுவும் 5 ஆண்டைத் தாண்டாது. ரிமாண்ட் நாட்களைக் கழித்துவிட்டு மீதியை அறிவிப்பார்கள். அந்தக் காலத்தில் நன்னடத்தைக் கழிவு ஒரு நாள்கூடக் கிடையாது. முடிந்தபின் பரோல் வாரியம் பார்க்கும். ஆபத்து இல்லையென்று தோன்றினால்தான் விடும். வெளியே வந்தவரும் சாகும்வரை நிபந்தனைக்குள் இருப்பார். மீறினால் மறுபடி உள்ளே.

இந்த முறையும் குறையற்றதில்லை. தெருவில் கத்தி சுமக்கும் இளைஞர்களைத் தடுக்க வைத்த 25 ஆண்டு விதியால் ஒரு கொடிய ஏற்றத்தாழ்வு உண்டானது. வீட்டுக்குள் மனைவியைக் கொல்பவன் கத்தியை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. அது சமையலறையிலேயே இருக்கிறது. அதனால் அவனுக்கு 15தான் தொடக்கப் புள்ளி. மகள்களை இழந்த தாய்மார்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். அரசு கேட்ட ஆய்வு 2023 மார்ச்சில் வெளியானது. அடக்கியாண்ட வரலாறும் தேவைக்கு மேற்பட்ட வன்முறையும் தண்டனையைக் கூட்டும் காரணங்களாகச் சேர்க்கப்பட்டன. எண் எழுத்தில் வெளிப்படையாக இருந்ததால்தான் அந்தத் தாய்மார்களால் விரல் நீட்டிக் கேட்க முடிந்தது. ஆயுள் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் புதைந்திருந்தால் எதை எதிர்த்துக் கேட்டிருப்பார்கள்?

ஜெர்மனியில் கொலைக்கு ஆயுள். 15 ஆண்டு கழிந்தால் விடுதலையைப் பரிசீலிக்கலாம். குற்றத்தின் கனம் தனிச்சிறப்பானது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தால் 15இல் கதவு திறக்காது. என்றைக்காவது வெளியே வரும் வாய்ப்பு எல்லாருக்கும் இருக்கவேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013இல், மறுபரிசீலனைக்கே வழியில்லாத வாழ்நாள் சிறை மனிதத்தன்மையற்றது என்றது. பின்லாந்தில் 12 ஆண்டுக்குப்பின் கேட்கலாம். போர்ச்சுகல் 1884இல் ஆயுளையே ஒழித்தது. அங்கே உச்சம் 25 ஆண்டு.

நார்வேயின் 21 ஆண்டு பலரைத் திகைக்க வைக்கிறது. 2011இல் 77 பேரைக் கொன்றவருக்கு 21 ஆண்டுதானா என்று உலகமே கேட்டது. அவருக்கு விதித்தது சாதாரணச் சிறை இல்லை. தடுப்புக் காவல் என்ற தனி வகை. அதன் காலம் முடியும்போது ஆபத்து நீங்கவில்லை என்றால் நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுவரை நீட்டிக்கலாம். எத்தனை முறை என்று வரம்பில்லை. 10 ஆண்டு முடிந்ததும் அவர் விடுதலை கேட்டார், 2022இல் மறுத்துவிட்டார்கள்.

கனடாவில் முதல்தர கொலைக்கு (பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்த கொலை) 25 ஆண்டுவரை பரோல் கிடையாது. பலரைக் கொன்றால் 25, 50, 75 என்று அடுக்கலாம் என்று 2011இல் சட்டம் வந்தது. 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. அமெரிக்கா மறுகோடி. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கூட்டினால் கொலை குறையுமா

தண்டனையை நீட்டச் சொல்பவர்கள் முதலில் வைக்கும் காரணம் அச்சம். இருபது ஆண்டு என்றால் பயப்படாதவன் முப்பது என்றால் பயப்படுவான் என்ற எண்ணம். கொலைகள் நிகழும் விதம் இதற்கு இடம் தருவதில்லை. குடியில், வாய்த்தகராறில், சந்தேகத்தில், கண நேரச் சினத்தில் கையோங்குபவர் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. திட்டமிட்டுச் செய்பவர் மாட்டிக்கொள்ளமாட்டோம் என்று நம்பித்தான் செய்கிறார். அவருக்கு 20ம் 30ம் ஒன்றே. தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயம் வரும் என்பதே தடுக்கிறது என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2014இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட கட்டாயத் தண்டனைகளால் குற்றம் குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

நாடுகளின் போக்கும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் கொலைக்கான குறைந்தபட்சக் காலத்தின் சராசரி 2003இல் பன்னிரண்டரை ஆண்டு; 2016இல் 21 ஆண்டைத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்கு ஏற்றபடி கொலைகள் இறங்கிக்கொண்டே போகவில்லை. முதலில் குறைந்து 2015க்குப்பின் மறுபடி கூடின. அமெரிக்காவில் 1990களில் கொலை குறைந்தபோது நீண்ட தண்டனைகளுக்கு அந்தப் பெருமை தரப்பட்டது. அப்படி நீட்டாத கனடாவிலும் அதே காலத்தில் குறைந்தது. 2020இல் அதே அமெரிக்காவில், அதே தண்டனைகள் இருக்கும்போதே, ஒரே ஆண்டில் கொலை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது.

நிச்சயம் என்ற பக்கம்தான் எங்கும் பலவீனமாக இருக்கிறது. அமெரிக்காவில் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலைகளில் கிட்டத்தட்டப் பாதி துப்புத் துலங்காமல் போயின. இந்தியாவில் கைது நடந்துவிடும். ஆனால் விசாரணை முடிந்த கொலை வழக்குகளில் தண்டனையில் முடிபவை பாதிக்கும் குறைவு என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. வழக்கு ஐந்து, ஆறு ஆண்டு இழுக்கிறது. சாட்சி மிரட்டப்பட்டோ விலைபேசப்பட்டோ பிறழ்சாட்சியாகிறார். இரத்தக்கறை படிந்த துணி ஆய்வகத்துக்குத் தாமதமாகப் போய்ப் பயனில்லாமல் ஆகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சட்டத்தின் பலம் தந்தது. அது ஒழுங்காக நடக்கிற மாவட்டத்தில் கூலிப்படைக்கு வரும் அச்சம், 14ஐ 25 ஆக்குவதால் வராது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு: உள்ளே இருக்கும்வரை வெளியே கொல்ல முடியாது. உண்மைதான், ஆனால் வயது ஏற ஏற அதன் பலன் தேய்கிறது. வன்முறை பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சம் தொட்டு, நாற்பதுகளில் வெகுவாக அடங்கிவிடுகிறது. கலிபோர்னியாவில் 1995க்குப்பின் பரோலில் வந்த 860 கொலைக் கைதிகளை 2011இல் வெளியான ஓர் ஆய்வு தொடர்ந்து பார்த்தது. புதிய பெருங்குற்றத்துக்காகத் திரும்ப உள்ளே போனவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரும் மறுபடி ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் செய்யவில்லை. வாரியம் சலித்துப் பொறுக்கி விட்டவர்கள் அவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் விட்டால் இதே எண் வராது. 25ஐ 40 ஆக்குவதைவிட, கவனமாகச் சலிக்கும் ஒரு வாரியம் அதிகம் காக்கும் என்பதற்குத்தான் இது சான்று.

கட்டாயத் தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் வேறொரு வழியில் அது கசியும். திருட்டுக்குத் தூக்கு இருந்த காலத்து இங்கிலாந்தில், 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ என்றால் கழுத்துக்குக் கயிறு என்பதால் ஜூரிகள் களவுபோன பொருளை 39 ஷில்லிங் என்று மதிப்பிட்டார்கள். இங்கேயும் ஆயுள் கடுமை என்று தோன்றும் வழக்குகள் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவுக்கு இறங்கிவிடுகின்றன. பழைய 304, இன்றைய 105. அங்கே 10 ஆண்டோ அதற்குக் கீழோ போதும். ‘கொலைக்கு ஏழே ஆண்டா’ என்று கொதிக்க வைக்கும் தீர்ப்புகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்தப் பிரிவில் வந்தவை.

இறந்தவரின் வீட்டாருக்கு இடம் எங்கே

அச்சமும் பாதுகாப்பும் போக, எஞ்சும் காரணம்தான் உண்மையில் கனமானது. ஓர் உயிருக்கு ஈடாக எத்தனை ஆண்டு என்பது கணக்கில் அடங்காது. போன உயிரின் மதிப்பைச் சமூகம் ஏற்றுக்கொண்டது என்று வீட்டாருக்குத் தெரியவேண்டும். 14 ஆண்டு போதாது என்று அவர்கள் சொல்லும்போது, அந்தக் குரலைப் பழிவெறி என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களுக்கு இந்த நாட்டில் நடப்பதைப் பார்த்தால் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்தோ, சிறிய குற்றமாகக் குறைத்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதவில்லை என்றோ அவர்கள் மேல்முறையீடு செய்யலாம். 2009 திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. தண்டனைக் காலம் போதவில்லை என்று மேல்முறையீடு செய்ய முடியாது. அது அரசுக்கு மட்டும் உரியது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. பல ஆண்டு கழித்து முன்விடுதலைக் கோப்பு நகரும்போது அவர்களுக்கு நோட்டீஸ் போவதும் பொதுவாக இல்லை. நடத்தை அறிக்கைக்கும் காவல் அறிக்கைக்கும் இடமுள்ள கோப்பில் அவர்கள் சொல்வதற்கென்று ஒரு தாளும் இல்லை. கொன்றவர் கடைத்தெருவில் நடந்துபோவதைக் கண்டபின்தான் விடுதலையானது தெரிந்தது என்ற நிலை அவர்களுக்கு வருகிறது.

செஷன்ஸ் நீதிபதியே குறைந்தபட்சக் காலத்தைக் காரணத்தோடு அறிவிக்க அதிகாரம் தந்தால், கூலிக்கொலைக்கு 25ம் அடிபட்ட மனைவிக்கு 8ம் என்று அளக்கலாம். அதற்கு 103ஆவது பிரிவையும் 475ஆவது பிரிவையும் திருத்த வேண்டும். அந்த எண்ணை எதிர்த்து இரு தரப்பும் மேலே போகலாம் என்று வைக்கலாம். காலம் முடிந்ததும் அரசின் விருப்பத்துக்கு விடாமல், நீதிபதி ஒருவர் தலைமையில் தனி வாரியம் பார்க்கலாம். நூற்றாண்டு விழா விடுதலைகளில் கொலைக் கைதிகளைச் சேர்க்காமல் விடலாம். இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றமோ அமைச்சரவையோ முடிவெடுக்க வேண்டும். ஆனால் விடுதலைக் கோப்பு திறக்கும் நாளில் இறந்தவர் வீட்டுக்கு ஒரு பதிவுத்தபால் அனுப்பி, 30 நாளுக்குள் கருத்தைக் கேட்டுக் கோப்பில் சேர்க்க ஒரு மாநில அரசாணையே போதும்.